இன்னொருவர் வகுப்பறையில் ஒரு நாள்

ஜூலையில் பயிற்சி முடிகிறது. கியூ.டி.எஸ். என்ற ஆசிரியர் தகுதி கைக்கு வந்துவிடுகிறது. ஆகஸ்டில், பள்ளிகளுக்கு மாற்று ஆசிரியர்களை அனுப்பும் இரண்டு மூன்று ஏஜென்சிகளில் பெயரைக் கொடுத்துவிட்டு, செப்டம்பரில் காலை ஆறு மணிக்கே குளித்து, உடுத்தி, மதியச் சாப்பாட்டையும் கட்டி வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம். போன் அடிப்பதில்லை. நானும் அப்படி உட்கார்ந்தவள்தான். ஒன்பது மணிக்கு டப்பாவைத் திறந்து வீட்டிலேயே இட்லியைச் சாப்பிடுவேன். மூன்று வாரம் இப்படியே போனது. நான்காவது வாரம், எனக்கு இந்தத் தொழிலே ஒத்துவராதோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

போன் அடிக்காததற்கும் தொழில் ஒத்துவருவதற்கும் சம்பந்தமில்லை. ஆறு வாரக் கோடை விடுமுறை முடிந்து வந்த ஆசிரியர்களுக்குச் செப்டம்பரில் காய்ச்சல் வருவதில்லை, அவ்வளவுதான். காலியிடங்களையும் பள்ளிகள் கோடைக்கு முன்பே நிரப்பியிருக்கும். அக்டோபர் கடைசியில் வரும் அரைப்பருவ விடுமுறைக்குப் பிறகு சளியும் வயிற்றுப்போக்கும் பள்ளி பள்ளியாக நடக்கத் தொடங்கும். அப்போது உங்கள் போனும் நடக்கும். நவம்பரிலிருந்து மார்ச் வரை வேலை நிறைய. ஜூனில், உயர்நிலைப் பள்ளிகளில் பதினோராம் ஆண்டும் பதின்மூன்றாம் ஆண்டும் தேர்வு முடிந்து வெளியேறிவிடுவதால், அந்த வகுப்புகளை எடுத்த ஆசிரியர்களுக்கே நேரம் மீந்துபோகும். வெளியாள் தேவைப்படுவது குறையும். சப்ளை ஆசிரியராக, அதாவது வராதவருக்கு மாற்றாகப் போகிறவராகத் தொடங்குகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தப் பருவக் கணக்கைத்தான். நவம்பரில் வரும் பணத்தில் ஒரு பங்கு ஆகஸ்டுக்குப் போக வேண்டும். பள்ளி மூடியிருக்கும் நாளுக்கு உங்களுக்கு நாள் சம்பளம் கிடையாது.

இந்த அத்தியாயம் இங்கிலாந்துக்கு மட்டும் எழுதியது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி ஏற்பாடுகள். வட அயர்லாந்தில் மாற்று ஆசிரியர்களுக்கென்றே ஒரு பொதுப் பதிவேடு இருக்கிறது. இங்கிலாந்தில் பெரும்பாலும் தனியார் ஏஜென்சிகள்தான் பள்ளிக்கும் நமக்கும் நடுவில் நிற்கின்றன.

ஏஜென்சி மேசையில்

இரண்டு ஏஜென்சி போதும், மூன்று அதிகபட்சம். ஐந்தாறில் பதிவு செய்தால் ஒரே காலையில் இரண்டு பேர் கூப்பிடுவார்கள். ஒருவருக்கு இல்லை என்று சொல்ல வேண்டி வரும். அடுத்த வாரம் அவர் உங்கள் பெயரைப் பட்டியலில் கீழே தள்ளிவிடுவார்.

பதிவுக்குக் கொண்டுபோக வேண்டியவை: கடவுச்சீட்டு, வேலை செய்யும் உரிமைக்கான சான்று, கியூ.டி.எஸ். சான்று, ஏழு இலக்க ஆசிரியர் எண், இரண்டு பேரின் பரிந்துரை, முகவரிச் சான்று. இதோடு, குற்றப் பின்னணியைப் பார்க்கும் டி.பி.எஸ். சோதனையின் மேம்பட்ட சான்றிதழ். அந்தச் சான்றிதழ் கிடைத்ததும் அதை 'அப்டேட் சர்வீஸ்' என்ற ஆண்டுச் சந்தாவில் சேர்த்துவிடுங்கள். சான்றிதழில் உள்ள தேதியிலிருந்து 30 நாளுக்குள் சேர்த்தாக வேண்டும். தவறவிட்டால் அடுத்த ஏஜென்சிக்குப் போகும்போது புதிதாக முழுச் சோதனை, புதிதாகக் கட்டணம், இரண்டு மூன்று வாரக் காத்திருப்பு. என்னோடு படித்த ஒருவர் அந்தச் சான்றிதழைச் சமையலறை இழுப்பறையில் போட்டு மறந்துவிட்டு, நவம்பர் முழுவதையும் அப்படித்தான் இழந்தார்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வேலை தேடித் தருவதற்கு ஏஜென்சி உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. பள்ளியில் நேரச் சீட்டில் கையெழுத்துப் போடவில்லை என்ற காரணத்தைக் காட்டி, நீங்கள் செய்த வேலைக்கான சம்பளத்தை நிறுத்தி வைக்கவும் கூடாது. சீட்டு தொலைந்துவிட்டது என்று சொன்னாலும் நீங்கள் அந்த நாள் அங்கே இருந்தீர்களா என்று விசாரித்து முடிவு செய்வது அவர்கள் பொறுப்பு. புதியவர்கள் இதைக் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். நம் வீடுகளில் சம்பளத்தைப் பற்றிக் கறாராகப் பேசுவது மரியாதைக் குறைவு என்று வளர்த்துவிட்டார்கள். இந்த மேசையில் அந்தக் கூச்சம் செலவு வைக்கும்.

கேட்க வேண்டிய கேள்விகளில் முதலாவது இது: "சம்பளம் நீங்களே பே (பி.ஏ.ஒய்.இ.) முறையில் தருகிறீர்களா, அம்ப்ரெல்லா நிறுவனம் வழியாகத் தருகிறீர்களா?" அம்ப்ரெல்லா என்றால் ஏஜென்சி சொல்லும் தொகை உங்கள் சம்பளம் அல்ல. அது அம்ப்ரெல்லா நிறுவனத்துக்குப் போகும் தொகை. அதிலிருந்து முதலாளி கட்ட வேண்டிய தேசியக் காப்பீடு (2025 ஏப்ரல் முதல் 15 சதவீதம்), அப்ரெண்டிஸ்ஷிப் வரி, அவர்களுடைய லாபப் பங்கு எல்லாம் போனபிறகு மிஞ்சுவதுதான் உங்கள் மொத்தச் சம்பளம். அதற்குப் பிறகுதான் உங்கள் வருமான வரியும் உங்கள் பங்குக் காப்பீடும் பிடிக்கப்படும். விடுமுறைச் சம்பளம் என்று தனியாக ஒரு வரி சம்பளச் சீட்டில் தெரியும். பெரும்பாலும் அதுவும் அதே தொகைக்குள்ளிருந்து வெட்டி எடுத்துக் காட்டியதுதான். ஆகவே அம்ப்ரெல்லாவில் நாளுக்கு 180 பவுண்ட் என்று ஒருவர் சொன்னால், நேரடிச் சம்பளமாக 160 பவுண்ட் தருபவரைவிட அவர் தாராளமானவர் என்று எண்ணிவிடாதீர்கள். காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 2020 ஏப்ரல் 6 முதல், கையெழுத்து வாங்குவதற்கு முன்பே 'முக்கியத் தகவல் ஆவணம்' ஒன்றை ஏஜென்சி உங்களுக்குக் கொடுத்தாக வேண்டும். எவ்வளவு பிடித்தம் போய்க் கையில் எவ்வளவு வரும் என்று மாதிரிக் கணக்கோடு அதில் இருக்கும். கொடுக்காவிட்டால் கேளுங்கள்.

இரண்டாவது கேள்வி: "என்னை ஆசிரியராக அனுப்புகிறீர்களா, கவர் சூப்பர்வைசராக அனுப்புகிறீர்களா?" கவர் சூப்பர்வைசர் என்பது ஆசிரியர் விட்டுப்போன வேலையைப் பிள்ளைகள் செய்கிறார்களா என்று பார்த்துக்கொள்பவர், பாடம் நடத்த வேண்டியதில்லை, சம்பளமும் குறைவு. தகுதி பெற்ற ஆசிரியரை அந்தச் சம்பளத்துக்கு அனுப்பிவிட்டுப் பாடமும் நடத்தச் சொல்வது நடக்கிற கதைதான். பணம் மிகவும் தேவைப்படுகிற வாரத்தில் நானும் போயிருக்கிறேன். தெரிந்து போவது வேறு, தெரியாமல் போவது வேறு.

அளவுகோல் வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். அரசு வெளியிடும் ஆசிரியர் சம்பள ஆவணத்தின்படி, உள்ளூராட்சியோ பள்ளியோ நேரடியாக வேலைக்கு அமர்த்தும் சப்ளை ஆசிரியருக்கு ஒரு நாள் சம்பளம் என்பது ஆண்டுச் சம்பளத்தில் 195இல் ஒரு பங்கு. பாட நாள் 190, பயிற்சி நாள் 5; மொத்தம் 195. 2025-26 கல்வியாண்டில் லண்டனுக்கு வெளியே முதல் படியில் இருப்பவரின் ஆண்டுச் சம்பளம் 32,916 பவுண்ட். வகுத்தால் நாளுக்கு 168 பவுண்ட் 80 பென்ஸ். லண்டனில் இதைவிடக் கூடும். ஏஜென்சியைத் தொடக்கத்தில் இந்தக் கணக்கு கட்டுப்படுத்தாது. ஆனால் ஒரே பள்ளியில் ஒரே வேலையில் 12 வாரம் முடிந்தால், அந்தப் பள்ளி நேரடியாக எடுத்திருந்தால் என்ன கொடுத்திருக்குமோ அதை ஏஜென்சியும் கொடுக்க வேண்டும். 2011 அக்டோபரிலிருந்து நடைமுறையில் உள்ள ஏஜென்சித் தொழிலாளர் விதி இது. வாரத்தில் ஒரே ஒரு நாள் போனாலும் அது ஒரு வாரமாகக் கணக்கில் ஏறும். பள்ளி விடுமுறையில் கணக்கு நிற்கும், அழியாது. பதினோராவது வாரம் காரணம் சொல்லாமல் உங்களை வேறு பள்ளிக்கு மாற்றினால் உங்கள் சங்கத்துக்கு ஒரு போன் போடுங்கள். எந்த வாரம் எந்தப் பள்ளி என்று ஒரு சின்ன டைரியில் எழுதி வைத்தால்தான் இதையெல்லாம் பேச முடியும்.

ஆசிரியர் ஓய்வூதியத் திட்டம் ஏஜென்சி வழியாகப் போகிறவருக்கு இல்லை. இந்த இழப்பு இருபத்தைந்து வயதில் வலிக்காது. வலிக்கும்போது சரிசெய்ய முடியாது. நேரடியாகப் பள்ளியே எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு வந்தால், நாள் சம்பளம் ஐந்து பவுண்ட் குறைவாக இருந்தாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.

ஏழு மணி போன்

போன் பெரும்பாலும் காலை ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் வரும். தூக்கக் கலக்கத்தில் "சரி, போகிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். எந்த வகுப்பு, எந்தப் பாடம், அஞ்சல் குறியீடு என்ன, எத்தனை மணிக்கு வந்தாக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். ஒரே பெயரில் இரண்டு பள்ளிகள் ஒரே ஊரில் இருப்பதுண்டு. புனிதர் பெயர் கொண்ட பள்ளிகள் விஷயத்தில் இது சர்வ சாதாரணம். நான் ஒருமுறை குழந்தைப் பள்ளியின் வாசலில் போய் நின்று, அறிவியல் ஆசிரியை வந்திருக்கிறேன் என்று சொன்னவள்.

பையில் என்ன இருக்க வேண்டும்? கடவுச்சீட்டோ ஓட்டுநர் உரிமமோ, டி.பி.எஸ். சான்றிதழ், நான்கு ஒயிட்போர்டு பேனா (வகுப்பில் இருப்பவை காய்ந்திருக்கும்), பென்சில் ஒரு கட்டு, ஒரு விசில், ஒரு நல்ல படக்கதைப் புத்தகம், தண்ணீர், சாப்பாடு. ஆசிரியர் அறையில் மைக்ரோவேவ் இருக்கும். மீன் குழம்பை அதில் சூடாக்க வேண்டாம் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள்.

போனதும் வரவேற்பு மேசையில் கையெழுத்து வாங்கி, கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிட்டு, குழந்தைப் பாதுகாப்பு பற்றிய மடிப்புத் தாள் ஒன்றைக் கொடுப்பார்கள். அதை மடித்துப் பையில் வைக்காமல் நின்ற இடத்திலேயே படியுங்கள். பாதுகாப்புப் பொறுப்பாளர் யார், அவர் அறை எங்கே என்பது அதில் இருக்கும். வகுப்பு தொடங்க இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கும். அந்தப் பத்து நிமிடத்தைப் பாடத் திட்டத்தைத் தேடுவதில் கரைக்காதீர்கள். முதலில் தெரிய வேண்டியது: எந்தக் குழந்தைக்கு என்ன ஒவ்வாமை, ஊசிமருந்தும் இன்ஹேலரும் எங்கே, தீ மணி அடித்தால் எந்த வாசல், பக்கத்து வகுப்பில் யார், தொல்லை வந்தால் யாரை அனுப்பிக் கூப்பிடுவது, சாயங்காலம் யார் யாரை யாரோடு அனுப்பலாம். உதவி ஆசிரியர் ஒருவர் அந்த வகுப்பில் இருந்தால் அவருக்கு இவை அத்தனையும் தெரியும். அவரிடம் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டு, "இன்று நான் உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்" என்று சொல்லுங்கள். பட்டம் பெற்றவர் நாம்தான். அந்த வகுப்பை அறிந்தவர் அவர்.

கதவருகே

பிள்ளைகள் உள்ளே வரும்போது மேசைக்குப் பின்னால் இருக்காதீர்கள். கதவருகே நில்லுங்கள். பலகையில் உங்கள் பெயரும், அவர்கள் உட்கார்ந்ததும் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலையும் முன்பே எழுதியிருக்கட்டும். நம் பெயர்கள் நீளம். 'மிஸ் சிவபாலசுந்தரம்' என்று எழுதினால் அதை உச்சரிப்பதே அன்றைய முதல் கேளிக்கையாகிவிடும். நான் மூன்றெழுத்தாகச் சுருக்கி எழுதிவிடுவேன். முழுப்பெயரையே எழுதி, அசை பிரித்துச் சொல்லிக் கொடுத்து, வகுப்பையே சொல்ல வைக்கிற ஒரு நண்பர் இருக்கிறார். அதுவும் நல்ல வழிதான். என்னைவிடத் துணிச்சலானவர் அவர்.

அதற்கு ஈடாக அவர்கள் பெயரை நாம் சரியாகச் சொல்ல வேண்டும். வருகைப் பதிவேட்டில் நமக்குப் பழக்கமில்லாத எழுத்துக்கூட்டல்கள் வரும். எழுதியதைப் பார்த்து 'சியோபன்' என்று வாசிக்கிற பெயர் உண்மையில் ஷிவான். 'நியாம்' என்று வாசிப்பது நீவ். அயர்லாந்துப் பெயர்கள் இவை. போலந்துப் பெயர்கள் இன்னொரு சோதனை. தெரியாவிட்டால், "உன் பெயரை நீயே சொல்லு, நான் கற்றுக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். தமிழர் நிறைய வாழும் ஹேரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ குரோய்டனிலோ போகும் நாளில் நேர்மாறாக நடக்கும். 'அபினயா', 'யாழினி', 'திருக்குமரன்' என்று நீங்கள் முறைப்படி வாசிக்கும்போது, வருஷம் முழுக்கத் தவறாகக் கேட்டுப் பழகிய ஒரு குழந்தை சட்டென்று தலைநிமிர்ந்து பார்க்கும்.

உட்காரும் வரைபடம் இருந்தால் அதன்படி உட்கார வையுங்கள். இல்லையென்றால் நீங்களே ஒன்று வரையுங்கள். புதிய ஆசிரியரிடம் பெயரையும் இடத்தையும் மாற்றிச் சொல்வது பதிமூன்று வயதுக்காரர்களின் பழைய விளையாட்டு. "எங்கள் டீச்சர் இப்படிச் செய்ய மாட்டாங்க" என்று ஆரம்பப் பள்ளியில் பத்து தடவையாவது கேட்பீர்கள். வாதம் வேண்டாம். "இருக்கலாம். இன்று இப்படிச் செய்து பார்ப்போம்; நாளை அவர் வந்ததும் அவர் வழி" என்றால் முடிந்தது. ஒரு நாள் ஆசிரியர் அந்த வகுப்பின் பழக்கங்களைத் திருத்த வந்தவர் அல்லர். வாடகை வீட்டில் ஆணி அடிக்காமல் இருப்பதைப் போல.

ஒழுங்கு விஷயத்திலும் இதுதான். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு படிநிலை உண்டு: எச்சரிக்கை, பலகையில் பெயர், இடைவேளை இழப்பு, அடுத்த வகுப்புக்கு அனுப்புதல் என்று. அந்தப் படிகளை அப்படியே பின்பற்றுங்கள். நீங்களாகத் தண்டனை கண்டுபிடிக்க வேண்டாம். முதல் படியைச் சீக்கிரம், அமைதியாக எடுங்கள். பதினைந்து நிமிடம் பொறுத்துப் பொறுத்துப் பிறகு கத்துகிறவரைத்தான் வகுப்பு விழுங்கும். கையைப் பற்றி ஒரு வார்த்தை. அடி இங்கே அரசுப் பள்ளிகளில் 1987லேயே ஒழிந்துவிட்டது. அது எல்லாருக்கும் தெரியும். நான் சொல்வது அன்புக் கையை. கன்னத்தைக் கிள்ளுவது, தலையைத் தடவுவது, தோளில் கைபோட்டு அழைத்துப் போவது எல்லாம் நமக்கு இயல்பாக வரும். அந்தப் பள்ளியில் உங்களை யாருக்கும் தெரியாது. கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பாடத் திட்டம் இல்லாத நாள்

நல்ல பள்ளியில் மேசைமேல் தாள் இருக்கும். திடீர்க் காய்ச்சல் நாளில் இருக்காது. அப்போது கைகொடுப்பவை அச்சிடத் தேவையில்லாத, எந்த வகுப்புக்கும் வளைகிற இரண்டு மூன்று பாடங்கள். என் பையில் பல வருடமாக இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு எண்ணை எடுத்து, அதன் ஒவ்வொரு இலக்கத்தையும் வர்க்கமாக்கிக் கூட்ட வேண்டும். வந்த விடைக்கும் அதையே செய்ய வேண்டும். 23 என்றால் 4+9=13; பிறகு 1+9=10; பிறகு 1. ஒன்றில் வந்து நிற்கிற எண்களுக்கு மகிழ்ச்சி எண்கள் என்று கணிதத்தில் பெயரே உண்டு. 4ஐ எடுத்துப் பாருங்கள்: 16, 37, 58, 89, 145, 42, 20, மறுபடி 4. சுற்றிக்கொண்டே இருக்கும். நூறுக்குள் எத்தனை மகிழ்ச்சி எண்கள் என்று தேடச் சொன்னால் ஐந்தாம், ஆறாம் ஆண்டு வகுப்பு முக்கால் மணி நேரம் தலையைத் தூக்காது. வர்க்கம் படிக்காத சின்ன வகுப்பென்றால் அதை விட்டுவிட்டு, 36 பென்ஸை எத்தனை விதமாகச் சில்லறையில் கொடுக்கலாம் என்று கேளுங்கள்.

உயர்நிலைப் பள்ளியில் உங்கள் பாடமல்லாத வகுப்புக்கே அதிகம் அனுப்புவார்கள். கணித ஆசிரியை நாடக வகுப்பில் நிற்பாள். தெரியாததைத் தெரிந்ததுபோல் நடத்தாமல், விட்டுச்சென்ற வேலையைச் செய்ய வைத்தால் போதும். அறிவியல் செய்முறையும் பட்டறைக் கருவிகளும் உங்கள் துறையாக இல்லாவிட்டால், திட்டத் தாளில் எழுதியிருந்தாலும் செய்யாதீர்கள். "எனக்கு அந்தப் பயிற்சி இல்லை" என்று துறைத் தலைவரிடம் நேரே சொல்லலாம். அதற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

ஒரு குழந்தை உங்களிடம் சொன்னால்

அன்றைக்கு மட்டும் வந்திருக்கும் ஆள் என்பதாலேயே சில குழந்தைகள் உங்களிடம் மனம் திறக்கும். வீட்டில் அடிக்கிறார்கள் என்றோ, அதைவிட மோசமான ஒன்றோ. "யாரிடமும் சொல்ல மாட்டீர்கள்தானே?" என்று கேட்கும். அந்த வாக்குறுதியைக் கொடுக்காதீர்கள். "உனக்கு உதவக்கூடியவரிடம் நான் சொல்லியாக வேண்டும்" என்று மென்மையாகச் சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்க வேண்டாம்; "அப்பாதான் அடித்தாரா?" என்று விடையை வாயில் வைக்க வேண்டாம். குழந்தை சொன்ன சொற்களை அப்படியே எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டு, பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் நேரில் கொடுங்கள். நாளை அந்தப் பள்ளியில் நீங்கள் இருக்கப்போவதில்லை. ஆகவே கொடுக்காமல் வாசலைத் தாண்டக் கூடாது.

தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையாக இருந்தால் நமக்குக் கூடுதலாக ஒரு தடுமாற்றம் வரும். அந்தக் குடும்பத்தை நமக்குக் கோயிலில் தெரிந்திருக்கலாம். பேசிச் சமாதானப்படுத்திவிடலாம் என்று தோன்றும். தோன்றட்டும், பேசாதீர்கள். சாதாரண நாளிலும், மூன்றரை மணிக்கு வாசலில் "டீச்சர், நீங்க தமிழா? எங்க மகன் எப்படிப் படிக்கிறான்?" என்று ஒரு அம்மா ஆவலோடு கேட்பார். சிரித்து, வணக்கம் சொல்லி, "வகுப்பாசிரியர் நாளைக்கு வருவார், அவரிடம் கேளுங்கம்மா" என்று நகர்ந்துவிடுவதே சரி. ஒரு நாள் பார்த்ததை வைத்து நாம் சொல்கிற ஒரு வார்த்தை அன்றிரவு அந்த வீட்டில் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாது.

திருப்பிக் கொடுப்பது

சப்ளை ஆசிரியரின் பெயர் அந்தப் பள்ளியில் எப்படி நிற்கிறது என்பது பாடம் நடத்திய விதத்தைவிட மறுநாள் காலை வகுப்பாசிரியர் கதவைத் திறக்கும்போது கண்ணில் படுவதைப் பொறுத்தது. நோட்டுப் புத்தகங்கள் திருத்தியிருக்கின்றனவா? அவற்றை அந்தப் பள்ளியின் நிறத்தில், அந்தப் பள்ளியின் குறிகளோடு திருத்தியிருக்கிறீர்களா? கத்தரிக்கோல்கள் டப்பாவில் இருக்கின்றனவா? எல்லாவற்றுக்கும் மேலாக, மேசையில் ஒரு குறிப்பு. அரைப்பக்கம் போதும்: எந்தப் பாடம் எதுவரை போனது, எது முடியவில்லை, யாருக்குப் புரியவில்லை, மதியம் யாருக்கும் யாருக்கும் சண்டை, அதற்கு என்ன செய்தேன், நன்றாக நடந்துகொண்ட மூன்று பேர். புகார்ப் பட்டியலாக மட்டும் எழுதிவிட்டுப் போனால், அவர் காய்ச்சலிலிருந்து எழுந்து வந்ததும் படிப்பது அதைத்தான். நான் மறுபடி மறுபடி அழைக்கப்பட்ட பள்ளிகள் எல்லாம் இந்த அரைப்பக்கத்தால் கிடைத்தவை. பிறகு அவர்கள் ஏஜென்சியிடம் பெயர் சொல்லியே கேட்பார்கள்.

சின்ன வகுப்புகளில் கடைசிப் பத்து நிமிடம்தான் நாளிலேயே ஆபத்தானது. எந்தக் குழந்தையையும் "அதோ என் மாமா" என்று கைகாட்டியதை நம்பி அனுப்பாதீர்கள். உதவி ஆசிரியரைப் பக்கத்தில் நிறுத்தி, பட்டியலைப் பார்த்து, ஒவ்வொருவராக அனுப்புங்கள். வாசலில் கூட்டம் முணுமுணுக்கட்டும்.

எண்ணப்படாத நாட்கள்

இவ்வளவு உழைத்தும், இந்த ஒற்றை நாட்களில் ஒன்றுகூட உங்கள் இண்டக்‌ஷனில் சேராது என்பதை இனியாவது சொல்லிவிட வேண்டும். புதிய ஆசிரியர் முடிக்க வேண்டிய இந்தத் தொடக்கக் காலம் முன்பு ஒரு கல்வியாண்டாக இருந்தது. 2021 செப்டம்பரிலிருந்து இரண்டு ஆண்டு, அதாவது ஆறு பருவம். அதில் முதலாண்டு பாடவேளையில் 10 சதவீதமும் இரண்டாமாண்டு 5 சதவீதமும் குறைப்பார்கள். வழிகாட்ட ஒரு மென்டர் இருப்பார். மூன்றாம் பருவ முடிவிலும் ஆறாம் பருவ முடிவிலும் முறையான மதிப்பீடு நடக்கும். ஒரே பள்ளியில் ஒரு முழுப் பருவமோ அதற்கு மேலோ இருந்தால்தான் இதில் கணக்காகும். அதையும் தொடக்கத்திலேயே பதிவு செய்திருக்க வேண்டும். இரண்டு வாரம் என்று சொல்லிப் போய், நீண்டு நீண்டு ஒரு பருவமே ஆகிவிட்டாலும், கழிந்த வாரங்களைப் பின்தேதியிட்டுச் சேர்க்க முடியாது. ஆகவே ஏஜென்சி "இது நீண்ட நாள் வேலை" என்று சொன்ன அன்றைக்கே தலைமையாசிரியரிடம் கேளுங்கள்: "ஒரு பருவம் முழுக்க இருப்பேனா? இருந்தால் இண்டக்‌ஷனைப் பதிவு செய்வீர்களா?"

உங்களைப் பிடித்துப்போய்ப் பள்ளியே நிரந்தரமாக எடுக்க விரும்பினால் ஏஜென்சி பள்ளியிடம் ஒரு தொகை கேட்கும். சிறிய பள்ளிகள் அதற்கே தயங்கிவிடும். அந்த உரிமைக்கு எல்லை உண்டு: வேலை தொடங்கியதிலிருந்து 14 வாரம், அல்லது கடைசியாகப் போன நாளிலிருந்து 8 வாரம், இரண்டில் எது பிந்தியதோ அதற்குப் பிறகு கேட்க முடியாது. தலைமையாசிரியருக்கு இது தெரியாமல் இருக்கலாம். நீங்கள் சொல்லலாம்.

ஒற்றை நாள் வேலைக்கும் காலக்கெடு உண்டு. இண்டக்‌ஷன் முடிக்காதவர், கியூ.டி.எஸ். கிடைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு வரைதான் ஒரு பருவத்துக்குக் குறைவான சப்ளை வேலைகளை உள்ளூராட்சிப் பள்ளிகளில் செய்யலாம். நீட்டிப்பு கிடையாது, பிள்ளைப்பேறு, நோய், வெளிநாடு போனது எதற்கும் கிடையாது. உள்ளூராட்சிக்கு வெளியே இயங்கும் அகாடமிகளைச் சட்டம் இதில் கட்டுப்படுத்தாது என்றாலும், அதை நம்பி இருக்கச் சொல்ல மாட்டேன். கெடு முடிந்தபின்பும் ஒரு பருவத்துக்கு மேற்பட்ட வேலையில் சேர்ந்து இண்டக்‌ஷனைத் தொடங்கலாம்; அந்தக் கதவு மூடுவதில்லை. என் கணக்கில், முதல் வருடம் பல பள்ளிகளையும் சுற்றிப் பார்க்க; இரண்டாவது வருடத்துக்குள் ஒரு இடத்தில் உட்கார. மூன்றாவது வருடமும் காலை ஏழு மணி போனுக்குக் காத்திருந்தவர்களில் பலர் பிறகு வகுப்பறைக்கே வரவில்லை.

உங்கள் கியூ.டி.எஸ். சான்றில் ஒரு தேதி இருக்கிறது. அதோடு ஐந்து ஆண்டைக் கூட்டி, அந்தத் தேதியைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இன்றே எழுதி ஒட்டுங்கள்.